அன்னையின் காலடி நிலவு

பெரிய வியாழன் இரவு ஆராதனை முடிந்து ஆலயத்தைவிட்டு வெளியே வரும்போதெல்லாம் வானத்தில் நிலவு நிற்கும். முழுநிலவாக இருக்கும், இல்லையேல் முழுமைக்கு ஓரிரு நாள் முன்போ, சில நாள் பின்போ இருக்கும். மேகம் மறைத்த ஆண்டுகள் உண்டு. ஆனால் அமாவாசை இருட்டில் ஒரு பெரிய வியாழன் வந்ததில்லை. ஊர் மக்கள் இடறி விழாமல் வீடு சேர இறைவன் செய்து வைத்த ஏற்பாடு இது என்று சிறுவயதில் எண்ணியிருந்தோம்.

காரணம் பின்னர் விளங்கிற்று. யூதரின் பாஸ்கா முழுநிலவில் வரும் விழா. எனவே கெத்சமனித் தோட்டத்து ஒலிவ மரங்களின்மேலும் அன்று நிலவொளி விழுந்திருக்கும். கி.பி. 325இல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம், உயிர்ப்பு விழாவை எல்லாரும் ஒரே ஞாயிற்றில் கொண்டாட வேண்டுமென முடிவு செய்தது. அதையொட்டி நிலைபெற்ற விதிப்படி, மார்ச் 21ஆம் நாளிலோ அதற்குப் பின்போ வரும் முதல் முழுநிலவை அடுத்த ஞாயிறே உயிர்ப்புப் பெருவிழா. நம் திருவழிபாட்டு ஆண்டின் தலையாய நாளை நிலவைப் பார்த்தே குறிக்கிறோம். அப்படியிருந்தும், அந்த நிலவைப்பற்றி ஒரு சிறுவன் கேட்ட கேள்விக்கு ஒருமுறை நம்மிடம் விடையில்லாமற் போயிற்று.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்தது அது. பங்கில் மறைக்கல்வி கற்பித்து வந்தோம். அன்று தொடக்க நூலின் முதல் அதிகாரம் பாடம். நான்காம் நாளில் இறைவன் இரு பெரும் சுடர்களை உண்டாக்கினார், பெரியது பகலுக்கு, சிறியது இரவுக்கு என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்தான். “சார், நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் இல்லைன்னு ஸ்கூல்ல சொன்னாங்க. அப்ப அது எப்படி சுடர் ஆகும்? எது சரி?” என்றான். குறும்பாகக் கேட்கவில்லை, அவனுக்கு உண்மையாகவே தெரியவேண்டியிருந்தது. நாமோ, “மறைக்கல்வி வகுப்பில் அறிவியல் வேண்டாம், உட்கார்” என்றோம். அவன் உட்கார்ந்தான். அந்த ஆண்டு முழுவதும் வேறு கேள்வி எதுவும் அவன் கேட்கவில்லை.

விடை தெரியவில்லை என்பதைவிட, நாம் பயந்தோம் என்பதே உண்மை. ஒரு கேள்வியில் மறைநூல் இடிந்து விழுந்துவிடுமோ என்ற பயம். திருச்சபையின் பழைய ஆசிரியர்களுக்கு அந்தப் பயம் இருந்ததில்லை என்பதைப் பின்னாளில் படித்தபோது வெட்கமாயிருந்தது. நிலவுக்குச் சொந்த ஒளி உண்டா, கதிரவனிடமிருந்து பெறுகிறதா என்ற இரு கருத்துகளையும் புனித அகுஸ்தீனார் தமது திருப்பாடல் விளக்கவுரை ஒன்றில் எடுத்து வைத்துப் பதற்றமின்றி ஆராய்கிறார். வானத்தையும் பூமியையும் பற்றித் தெரியாததை மறைநூலின் பெயரால் பேசி, பிறர் நகைக்க இடங்கொடாதீர் என்று கிறிஸ்தவர்களை அவர் கண்டித்தும் எழுதியிருக்கிறார். நிலவு ‘பெரும் சுடர்’ எனப்படுவது மனிதர் கண்ணுக்குத் தோன்றும் வகையைக் கொண்டே என்று பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ் விளக்கிவிட்டார். சிறுவனுக்கான விடை எழுநூறு ஆண்டுகளாக நம் வீட்டுப் பெட்டியிலேயே இருந்திருக்கிறது. நாம்தான் திறந்து பார்க்கவில்லை.

ஆனால் நிலவைப் பற்றிய இந்தப் பயம் நமக்கு மட்டும் உரியதன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

விண்ணுலகப் பொருள்கள் யாவும் மாசுமருவற்ற உருண்டைகள் என்பது அரிஸ்டாட்டில் வழிவந்த பழைய கொள்கை. அதனால் நிலவு தூய்மைக்கு உவமையாயிற்று. திருவெளிப்பாட்டு நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் வரும் பெண்மணியின் காலடியில் நிலவு இருக்கிறது. அமலோற்பவ அன்னையின் சுரூபங்களில் பிறை இடம்பெறுவது அதனால்தான். நம் ஊர் ஆலயங்களிலும் அந்தப் பிறையை வெள்ளிப் பூச்சில் வழவழப்பாகப் பார்த்திருப்போம். அன்னை மாசற்றவர், காலடி நிலவும் மாசற்றது. பொருத்தம் அழகாகத்தான் இருந்தது.

1609ஆம் ஆண்டின் இறுதியில் கலிலேயோ தமது தொலைநோக்கியை நிலவின் பக்கம் திருப்பினார். ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான கோடு நேராக இல்லாமல் அரம்போல் ஓடிற்று. இருண்ட பகுதிக்குள் தனித்தனியாக ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. நேரம் செல்லச்செல்ல அவை பெருகி ஒளிப்பகுதியோடு சேர்ந்தன. விடியற்காலையில் பள்ளத்தாக்கு இருண்டிருக்க, மலைமுகடு மட்டும் வெயிலில் மின்னுவதைக் கண்டவர்க்கு இதன் பொருள் தெரியும். நிலவில் மலைகள் உள்ளன. அந்தப் புள்ளிகளின் தூரத்தைக் கொண்டு மலைகளின் உயரத்தையும் கணக்கிட்டு, 1610 மார்ச்சில் நூலாக வெளியிட்டார்.

அவருடைய நண்பர் சிகோலி என்ற ஓவியர் அப்போது உரோமையில் பணிபுரிந்தார். புனித மரியா பெருங்கோவிலில் திருத்தந்தை ஐந்தாம் பவுல் கட்டிய சிற்றாலயத்தின் குவிமாடத்தில் அன்னையின் ஓவியத்தைத் தீட்டும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. நமக்கு அயலான ஆலயமன்று அது. தூத்துக்குடியில் நாம் கொண்டாடும் பனிமய மாதாவின் ஆகஸ்ட் 5ஆம் நாள் திருவிழா, அந்த உரோமைப் பெருங்கோவிலின் நேர்ந்தளிப்பு நாளே. 1612இல் சிகோலி வேலையை முடித்தபோது, அன்னையின் காலடியில் இருந்தது வழவழப்பான வெள்ளிப் பிறை அன்று. கலிலேயோ கண்ட நிலவு. குழிகளும் கருந்திட்டுகளும் கொண்ட நிலவு. இதை இளவரசர் பெதெரிகோ சேசி மகிழ்ச்சியோடு கலிலேயோவுக்குக் கடிதத்தில் தெரிவித்தார். திருத்தந்தையின் சொந்தச் சிற்றாலயத்தில், அன்னை வடுப்பட்ட நிலவின்மேல் நிற்கிறார். அதனால் அவருடைய மாசின்மை எள்ளளவும் குறைந்ததாக எவருக்கும் தோன்றவில்லை.

எல்லாருக்கும் இது எளிதாயிருக்கவில்லை. உரோமைக் கல்லூரியில் அந்நாளைய பெருங்கணித அறிஞர் கிளாவியுஸ் என்ற இயேசு சபைக் குரு. 1582இல் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியார் நாள்காட்டியைத் திருத்தியபோது, உயிர்ப்பு விழாவுக்கான நிலாக் கணக்கை விளக்கி நிலைநாட்டியவர் அவர். 1611 ஏப்ரலில் கர்தினால் பெல்லார்மின் கலிலேயோவின் கண்டுபிடிப்புகள் மெய்தானா என்று கல்லூரியினரைக் கேட்டார். மெய்தான் என்று நேர்மையாகப் பதில் வந்தது. ஆயினும் நிலவின் மலைகளைப்பற்றி மட்டும் முதியவர் கிளாவியுஸ் தயங்கினார். மேற்பரப்பு சமமாகவே இருக்கலாம், உள்ளே பொருள் சில இடத்தில் அடர்த்தியாகவும் சில இடத்தில் அடர்த்தியின்றியும் இருப்பதால் அப்படித் தோன்றலாம் என்பது அவர் எண்ணம். மறு ஆண்டு அவர் இறந்தார். 1633இல் கலிலேயோ தண்டிக்கப்பட்டார். 1992 அக்டோபர் 31ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் ஜான்பால், அன்றைய இறையியலாளர்கள் தவறினர் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இடையில் 359 ஆண்டுகள்.

ஆனால் அந்த இடைவெளி வெறும் இருட்டாக இருந்துவிடவில்லை. 1651இல் பொலோனியா நகரத்து இயேசு சபைக் குரு ரிச்சியோலி, தம் சபைத் தோழர் கிரிமால்டி வரைந்த நிலாப்படத்தைத் தமது வானியல் பெருநூலில் வெளியிட்டார். இன்று உலகம் முழுவதும் வழங்கும் நிலவுப் பெயர்களின் அடிப்படை அந்தப் படம்தான். நிலவு வானிலையை ஆள்கிறது என்ற அக்கால நம்பிக்கையை ஒட்டிக் கருந்திட்டுகளுக்குப் புயல்களின் பெருங்கடல், மழைக் கடல், அமைதிக் கடல் என்றெல்லாம் பெயரிட்டார். அவற்றில் ஒரு சொட்டு நீர் இல்லை. பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பாய்ந்து உறைந்த கரும்பாறைச் சமவெளிகள் அவை. வட்டப் பள்ளங்களுக்கு அறிஞர் பெயர்களைச் சூட்டினார்.

இங்கேதான் அந்தக் குருவின் மனத்தை எண்ணி நாம் வியப்பதுண்டு. பூமி சுழல்கிறது என்பதற்கு ஆதரவாக 49 வாதங்களையும் எதிராக 77 வாதங்களையும் தமது நூலில் எடுத்து எழுதி, சுழலவில்லை என்ற பக்கமே சாய்ந்தவர் அவர். கலிலேயோவின் தண்டனைக்குப் பின் பதினெட்டே ஆண்டுகள் கழிந்திருந்த காலம். அப்படியிருந்தும், நிலவின் மிகச் சிறந்த பள்ளங்களுள் ஒன்றுக்கு, 93 கிலோமீட்டர் அகலமும் ஒளிக்கதிர் மாலையும் கொண்ட ஒன்றுக்கு, கோப்பர்னிக்கஸ் பெயரை வைத்தார். புயல்களின் பெருங்கடலில் அவரை எறிந்துவிட்டதாக வேடிக்கையும் பேசினார். தமக்கும் கிரிமால்டிக்கும் ஒதுக்கிக்கொண்ட இடம் அந்தப் பெருங்கடலுக்கு அப்பால், நிலவின் விளிம்பில். மறைமுகமான ஆதரவு என்பர் சிலர். எதிரணியில் நின்றவரின் பெருமையை மறைக்க மனம் வராத மனிதர் என்பதே நமக்குப் படுகிறது. மலைகளை நம்பத் தயங்கிய கிளாவியுசுக்கோ, சுமார் 230 கிலோமீட்டர் அகலமுள்ள மாபெரும் பள்ளம் ஒன்று கிடைத்தது. மேடுபள்ளம் இல்லை என்றவர் பெயரில் பூமியிலிருந்து தெரியும் மிகப்பெரிய பள்ளங்களுள் ஒன்று! கிளாவியுஸ் இருந்திருந்தால் சிரித்திருப்பார் என்றே நம்ப விரும்புகிறோம்.

ரிச்சியோலி பெயரிட்ட 318 ஆண்டுகளுக்குப் பின், 1969 ஜூலை 20ஆம் நாள் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இறங்கிய இடம் அமைதிக் கடல். அன்றிரவு கஸ்தெல்கந்தோல்போவில் உள்ள வத்திக்கான் வான்காட்சிக் கூடத்தில் திருத்தந்தை ஆறாம் பவுல் தொலைநோக்கி வழியே நிலவைப் பார்த்தார். உலகத் தலைவர்களின் செய்திகள் பொறிக்கப்பட்ட சிறு வட்டு ஒன்றை வீரர்கள் அங்கே வைத்துத் திரும்பினர். அதில் திருத்தந்தை அனுப்பியது எட்டாம் திருப்பாடல். நிலவையும் விண்மீன்களையும் பார்த்து, மனிதன் எம்மாத்திரம் என்று வியக்கும் பாடல் அது. அதற்கு முந்தைய கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் முன்னிரவில், 1968 டிசம்பர் 24இல், அப்பல்லோ 8இல் நிலவைச் சுற்றிய மூவர் தொடக்க நூலின் முதல் அதிகாரத்தை வானொலியில் வாசித்ததும் வாசகர் அறிந்ததே. அவர்கள் வாசித்தது பத்தாம் வசனம் வரை. நம் சிறுவன் கேள்வி கேட்ட நான்காம் நாளுக்கு முன்பே நிறுத்திக்கொண்டார்கள்!

1969க்கும் 1972க்கும் இடையே பன்னிருவர் அங்கே நடந்தனர். 382 கிலோ கல்லும் மண்ணும் கொணர்ந்தனர். பயணங்களின் புகழ் ஓய்ந்துவிட்டது. கற்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன. 1971 ஆகஸ்டில் அப்பல்லோ 15இன் ஸ்காட்டும் இர்வினும் ஒரு பள்ளத்தின் விளிம்பில் வெண்மையான கல் ஒன்றைக் கண்டெடுத்தனர். கால் கிலோவுக்குச் சற்று அதிகம். செய்தியாளர்கள் அதற்குத் தொடக்க நூலின் பெயரையே சூட்டிவிட்டனர். வயது நானூறு கோடி ஆண்டுகளுக்கு மேல். கல்லின் இனம் அனார்த்தோசைட். நிலவு ஒருகாலத்தில் உருகிய பாறைக் கடலாய் இருந்தது; இலேசான வெண்கனிமம் பாலில் ஆடைபோல் மேலே மிதந்து உறைந்தது; அந்த ஆடையே நாம் காணும் வெண்மேட்டு நிலங்கள் என்று அறிஞர் தெளிந்தனர்.

அந்த உருகலுக்குக் காரணம் என்ன? நிலவின் அடர்த்தி நீரைப்போல் 3.3 மடங்கு, பூமியினுடையது 5.5 மடங்கு. அதாவது பூமிக்கு உள்ளதுபோல் பெரிய இரும்பு நெஞ்சம் நிலவுக்கு இல்லை. ஆனால் நிலவுக் கற்களின் ஆக்சிஜன் கைரேகையோ பூமியினுடையதை அப்படியே ஒத்திருக்கிறது. ஆகவே இரண்டும் ஒரே குடும்பம். 1975இல் ஹார்ட்மன், டேவிஸ் என்ற இருவர் முன்வைத்து, இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இது: ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகளுக்கு முன், செவ்வாய் அளவுள்ள ஒரு கோள் இளம்பூமியின்மேல் மோதிற்று. அதற்குத் தேயா என்று பெயரிட்டுள்ளனர். கிரேக்கக் கதைகளில் நிலாத்தெய்வத்தின் தாய் அவள். மோதலில் தெறித்த உருகிய சிதறல்கள் பூமியைச் சுற்றித் திரண்டு நிலவாயின. பிறப்பே ஒரு காயம். அதன்பின் விழுந்த கற்களின் வடுக்களை ஆற்ற அங்கே காற்றில்லை, மழையில்லை. பூமியும் அதே அடிகளைப் பட்டது. நாம் புல்லும் வயலும் போர்த்தி மறைத்துக்கொண்டோம், அவ்வளவே.

அந்த வெண்கல்லின் உறவுமுறைக் கல் நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. இந்திய விண்வெளி ஆய்வு மையம் அந்தப் பகுதிப் பாறைகளைப் பொடித்து, பெங்களூரில் செயற்கை நிலாத்தரை அமைத்து, இறங்குகலத்துக்கும் ஊர்திக்கும் பயிற்சி கொடுத்தது. 2023 ஆகஸ்ட் 23இல் சந்திரயான் 3 நிலவின் தென்பகுதியில் இறங்கிற்று. அதன் ஊர்தி நூறு மீட்டர் அளவே நடந்து மண்ணைச் சோதித்தது. அந்த மண்ணும் அனார்த்தோசைட் வகையைச் சார்ந்ததே என்றும், பாறைக்கடல் விளக்கத்துக்கு அது துணைநிற்கிறது என்றும் 2024இல் முடிவுகள் வெளியாயின. நாமக்கல் மண்ணில் ஒத்திகை பார்த்து, நிலவில் அதே இனத்து மண்ணின்மேல் நடந்திருக்கிறோம்.

இனி அந்தச் சிறுவனின் கேள்விக்கு வருவோம். நிலவுக்குச் சொந்த ஒளி இல்லை என்பது மட்டுமன்று. பெறும் ஒளியையும் அது நன்றாகத் திருப்பித் தருவதில்லை. தன்மேல் விழும் கதிரவன் ஒளியில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குதான் திரும்பி வருகிறது. பழைய தார்ச்சாலையும் ஏறத்தாழ அவ்வளவே தரும். பால்நிலா என்று நாம் பாடுவது, வெயிலில் கிடக்கும் ஒரு கரிய கல்லை. அந்தக் கருங்கல்தான் பெரிய வியாழன் இரவில் நமக்கு வழிகாட்டிக்கொண்டிருக்கிறது.

திருச்சபைத் தந்தையர் திருச்சபையையே நிலவுக்கு ஒப்பிட்டனர். கிறிஸ்துவாகிய கதிரவனிடம் பெற்ற ஒளியன்றி அதற்கு ஒளியில்லை என்றனர். இதற்கு ‘நிலவின் மறைபொருள்’ என்றே பெயர் உண்டு. 2013 மார்ச்சில், திருத்தந்தைத் தேர்தலுக்கு முன் கூடிய கர்தினால்களிடையே பேசிய கர்தினால் பெர்கோலியோ அதை நினைவூட்டினார். தன்னையே நோக்கிக்கொண்டிருக்கும் திருச்சபை, தனக்குச் சொந்த ஒளி இருப்பதாக எண்ணத் தொடங்கிவிடுகிறது என்பது அவர் கருத்து. சில நாள்களில் அவர் திருத்தந்தை பிரான்சிஸ் ஆனார். தந்தையர் இந்த உவமையைச் சொன்னபோது தொலைநோக்கி கிடையாது. நிலவின் குழிகளை அவர்கள் அறியார். நாம் அறிவோம். கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிச் சுவர் எழுப்பியவர்கள் நாம். குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை, பெயர் கெட்டுவிடும் என்று மூடிவைத்தவர்கள் நம்முள் இருந்தனர். யாரேனும் அதைப்பற்றிக் கேட்டால், “உட்கார்” என்று சொல்லும் குரல் இன்னும் நம்மிடம் இருக்கிறது. அன்று ஒரு சிறுவனிடம் நாம் பயன்படுத்திய அதே குரல்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2025இல் உயிர்ப்பு ஞாயிற்றுக்கு மறுநாள் இறந்தார். தமது விருப்பப்படி புனித மரியா பெருங்கோவிலில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறை இருப்பது ஐந்தாம் பவுலின் சிற்றாலயத்தை ஒட்டியே. சிகோலியின் வடுப்பட்ட நிலவு அதற்கு அருகிலேயே, குவிமாடத்தில் இருக்கிறது.

அண்மையில் ஒரு பெரிய வியாழன் இரவு, ஆலய முற்றத்தில் ஒருவர் வந்து வணக்கம் சொன்னார். அந்தச் சிறுவன்தான், தலையில் நரை எட்டிப்பார்க்கிறது. விடுமுறைக்கு ஊர் வந்திருக்கிறார். உடன் ஒன்பது வயது மகள், கழுத்தில் இருகண் நோக்கி. அன்று நாம் உட்காரச் சொன்னதை நாமே எடுத்துச் சொல்லி வருந்தினோம். “ஞாபகம் இருக்கு, சார்” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

மகள் எங்களைப் பார்க்கவில்லை, நிலவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “தாத்தா, உள்ளே மாதா காலடியில இருக்கிற நிலாவுல ஏன் புள்ளியே இல்லை?” என்றாள். உரோமையில் ஒரு கோவிலில் புள்ளியுள்ள நிலா இருக்கிறது என்றோம். பிறகு நிலவின் தென்பகுதியில் கதிர்கள் விரியும் டைக்கோ பள்ளத்தைக் காட்டினோம். அதற்கும் தெற்கே கிளாவியுஸ் என்றொரு பள்ளம் உண்டு, 2020இல் அங்கே நீரின் தடயம் கண்டறிந்தார்கள் என்றோம். அவள் நெடுநேரம் தேடிவிட்டு, தெரியவில்லையே என்றாள்.

முழுநிலவில் தெரியாது. வெயில் நேராக விழுகையில் நிழல் இருக்காது. நிழல் இல்லையேல் பள்ளம் தெரியாது. ஒரு வாரம் கழித்துத் தேய்பிறை அட்டமியில், விடியுமுன் எழுந்து பார்க்கவேண்டும் என்றோம். “இவளாவது, விடியுமுன் எழுந்திருப்பதாவது!” என்று சிரித்தார் தந்தை. “எழுந்திருப்பேன்” என்றாள் அவள், நோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே.